ரேடியோக்களை வெளி ரிப்பீட்டர் கன்ட்ரோலருடன் இணைப்பது: ஒவ்வொரு வயராக

ஒரு அலைவரிசையில் வரும் பேச்சைக் கேட்டு, அதே நேரம் இன்னொரு அலைவரிசையில் மறுபடி ஒலிபரப்புவது ரிப்பீட்டர். கேட்பதற்கு ஒரு ரேடியோ, ஒலிபரப்ப இன்னொன்று, இரண்டையும் இயக்க நடுவில் ஒரு கன்ட்ரோலர். காகிதத்தில் வரைந்தால் ஐந்தாறு வயர் வேலைதான். ஆனாலும் முதல் முறை செய்கிறவர்கள் அநேகமாக ஒரே இடத்தில்தான் சிக்குகிறார்கள். எல்லா வயரையும் ஒரே மூச்சில் சாலிடர் செய்து, பவர் கொடுத்து, சத்தம் சரியில்லை என்றதும் கன்ட்ரோலரின் ட்ரிம்மர்களை, அதாவது அளவைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகுகளை, திருக ஆரம்பித்துவிடுவார்கள். அரை மணி நேரம் கழித்து எந்தத் திருகு முதலில் எங்கே இருந்தது என்பது யாருக்கும் தெரியாது.

அதனால் இதில் வரிசைதான் எல்லாம். ஒவ்வொரு வயரையும் இணைக்கும் முன் அளக்க வேண்டும். இணைத்தபின் அது மட்டும் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம்தான் அடுத்தது. ஆடியோ அளவைத் தொடும் நேரம் வெகு பின்னால்தான் வரும்.

1. மேஜையில் முதலில் இருக்க வேண்டியவை

இரண்டு ரேடியோக்களின் சர்வீஸ் மேனுவல், கன்ட்ரோலரின் மேனுவல், மல்டிமீட்டர், இரண்டு டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டி, ஒலிபரப்பும் சக்தியைச் சூடாக விழுங்கும் ரெசிஸ்டர்), சோதனைக்கு மூன்றாவதாக ஒரு கைரேடியோ. ஆஸிலோஸ்கோப் இருந்தால் நல்லது. கணினியில் செருகி, ரேடியோ சிக்னலைத் திரையில் பார்க்க உதவும் மலிவான எஸ்.டி.ஆர். டாங்கிள் ஒன்றும் வேண்டும். அதன் பயன் 8ஆம் பகுதியில் தெரியும்.

பயனர் கையேடு போதாதா என்று கேட்பார்கள். போதாது. பின் எண்ணை அது சொல்லும். அந்தப் பின் சர்க்யூட்டில் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதைச் சர்வீஸ் மேனுவல்தான் காட்டும். ஆடியோ வேலை முழுக்க அந்த ஒரு விஷயத்தில் நிற்கிறது.

ஆன்டெனாவும், இரண்டு ரேடியோக்களும் ஒரே ஆன்டெனாவைப் பகிர உதவும் ஃபில்டரான டூப்ளெக்சரும் இப்போது வேண்டாம். டிரான்ஸ்மிட்டரின் சக்தி ரிசீவருக்குள் கசிந்தால் வரும் கோளாறும், வயரிங் தப்பானால் வரும் கோளாறும் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க, முதலில் டம்மி லோடில் மட்டும் வேலை செய்யுங்கள். ஒலிபரப்பத் தேவையான உரிமமும் ஒதுக்கப்பட்ட அலைவரிசை ஜோடியும் கையில் இருக்கின்றன என்றே எடுத்துக்கொள்கிறேன்.

2. ரேடியோக்களின் மெனுவைச் சுத்தம் செய்வது

வயர் போடும் முன் இதை முடித்துவிடுங்கள். ரிசீவரில் பேட்டரி சேவர், தானாக அணையும் வசதி, ஸ்கேன் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பேட்டரி சேவர் ஓடினால் ரிசீவர் விட்டுவிட்டுத்தான் விழிக்கும். முதல் சொல் விழுங்கப்படும். நீங்கள் கன்ட்ரோலரைச் சந்தேகிப்பீர்கள்.

டிரான்ஸ்மிட்டரில் வாக்ஸ் (குரல் கேட்டதும் தானாக ஒலிபரப்பும் வசதி), பீப் ஒலி, சேனல் பிஸியாக இருந்தால் ஒலிபரப்பைத் தடுக்கும் வசதி மூன்றையும் நிறுத்துங்கள். டைம்-அவுட் நேரத்தை மட்டும் நிறுத்தாமல், கன்ட்ரோலரில் வைக்கப்போகும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். கன்ட்ரோலர் உறைந்துபோனால் அதுதான் கடைசிக் காவல்.

பவரைக் குறையுங்கள். காரில் பொருத்தும் 50 வாட் ரேடியோ அரை நிமிடம் பேசி இரண்டு நிமிடம் கேட்பதற்காகச் செய்யப்பட்டது. ரிப்பீட்டரில் அது நிமிடக்கணக்கில் ஓயாமல் ஓடும். 10 முதல் 20 வாட்டில் வைத்து, ஹீட்சிங்க் மேல் ஒரு ஃபேன் வைத்தால் வருஷக்கணக்கில் உழைக்கும்.

3. பின் தாள்

ஒரு தாளில் கோடு போட்டு நான்கு பத்தி எழுதுங்கள்: பின் எண், வயர் நிறம், சும்மா இருக்கும்போது வோல்டேஜ், வேலை செய்யும்போது வோல்டேஜ். ரிசீவரிலிருந்து ஆடியோ, சிக்னல் வந்ததைச் சொல்லும் சி.ஓ.எஸ்., டிரான்ஸ்மிட்டருக்கு ஆடியோ, ஒலிபரப்பைத் தொடங்கும் பி.டி.டி., இரண்டு பக்கமும் கிரவுண்ட். அவ்வளவுதான் வரிசைகள். பின்னால் வரும் ஒவ்வொரு அளவும் இந்தத் தாளில் ஏறட்டும்.

பல அமெச்சூர் மொபைல் ரேடியோக்களின் பின்புறம் டேட்டா என்று எழுதிய 6 பின் மினி-டின் சாக்கெட் இருக்கும். அதில் 1 டிரான்ஸ்மிட் ஆடியோ, 2 கிரவுண்ட், 3 பி.டி.டி., 4 வடிகட்டாத ரிசீவ் ஆடியோ, 5 வடிகட்டிய ரிசீவ் ஆடியோ, 6 ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் சர்க்யூட்; சி.ஓ.எஸ். இங்கேதான் கிடைக்கும்). தேவையான அத்தனையும் ஒரே சாக்கெட்டில். தேர்ந்தெடுக்க வழி இருந்தால் இப்படிப்பட்ட ரேடியோவையே எடுங்கள். வணிக ரேடியோக்களின் 16 அல்லது 20 பின் கனெக்டரும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அவற்றில் பல பின்களின் வேலை புரோகிராமிங் மென்பொருளில் தீர்மானிக்கப்படுவது. மென்பொருளில் ஒதுக்காத பின்னை எவ்வளவு அளந்தாலும் அசையாது.

இங்கே எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. மேனுவலில் இருக்கும் படம் சாக்கெட்டை முன்னாலிருந்து பார்த்தது. நீங்கள் சாலிடர் செய்வது பிளக்கின் பின்பக்கம், அதற்கு அந்தப் படம் அப்படியே பொருந்தும். அதை விட்டு, படத்தைப் பிளக்கின் முன்பக்கத்துக்குப் போட்டால் இடம் வலமாக மாறிவிடும். நானும் ஒரு தடவை இப்படிக் கிரவுண்டையும் ஆடியோவையும் இடம் மாற்றியிருக்கிறேன். சாலிடர் செய்தபின் பிளக்கின் ஒவ்வொரு முனையையும் மீட்டரின் பீப் ஒலியில் சரிபாருங்கள்.

4. கிரவுண்டும் பவரும்

மூன்று கருவிகளுக்கும் ஒரே பவர் சப்ளை, ஒரே இடத்திலிருந்து தனித்தனி வயர். ரேடியோவின் நெகட்டிவ் வயர் மெல்லியதாக இருந்தால், ஒலிபரப்பும்போது ஓடும் பல ஆம்பியர் ஆடியோ கேபிளின் ஷீல்டு வழியாகவும் திரும்பப் பார்க்கும். விளைவு, பி.டி.டி. அழுத்தியவுடன் ஒரு உறுமல். ஆடியோ கேபிளின் ஷீல்டைக் கன்ட்ரோலர் முனையில் மட்டும் கிரவுண்ட் செய்து, திரும்பும் பாதைக்கு உள்ளேயே தனி வயர் கொடுங்கள். அப்படியும் உறுமல் போகவில்லை என்றால் 600 ஓமுக்கு 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று பிரச்சினையை முடித்துவிடும்.

5. பி.டி.டி.: முதல் வயர்

டிரான்ஸ்மிட்டரில் டம்மி லோடு மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பி.டி.டி. பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வோல்டேஜை அளங்கள். பிறகு மீட்டரை மில்லிஆம்பியருக்கு மாற்றி அதே இரண்டு இடத்தில் வையுங்கள். ரேடியோ ஒலிபரப்பத் தொடங்கும், ஓடும் கரன்டும் தெரியும். இரண்டு எண்களையும் தாளில் எழுதுங்கள்.

இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. கன்ட்ரோலரின் பி.டி.டி. வெளியீடு பொதுவாக ஒரு திறந்த கலெக்டர் டிரான்சிஸ்டர். அது வோல்டேஜ் எதையும் தராது, வயரைக் கிரவுண்டுக்கு இழுக்க மட்டும் செய்யும். இன்றைய ரேடியோக்களில் சில மில்லிஆம்பியர்தான் ஓடும், கவலையில்லை. உள்ளே ரிலே இருக்கும் பழைய ரேடியோவாக இருந்தால் கரன்ட் பல மடங்கு. ரிலே விடுபடும்போது திருப்பி அடிக்கும் வோல்டேஜில் டிரான்சிஸ்டர் போய்விடும். ரிலே காயிலுக்குக் குறுக்கே, தலைகீழாக ஒரு டயோடு போடுங்கள்.

இணைத்தபின், கன்ட்ரோலரிலிருந்து ஐ.டி., அதாவது நிலையத்தின் அழைப்புக் குறி, அனுப்பச் சொல்லி டிரான்ஸ்மிட்டர் எழுந்து அடங்குகிறதா என்று பாருங்கள். கன்ட்ரோலரின் பவரைப் பிடுங்கியும் பாருங்கள். டிரான்ஸ்மிட்டர் அமைதியாக இருக்க வேண்டும்.

கைரேடியோவை டிரான்ஸ்மிட்டராக வைக்க நினைப்பவர்களுக்கு: பல கைரேடியோக்களில் பி.டி.டி.க்குத் தனி வயர் கிடையாது, மைக் வயரை ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டுக்கு இழுத்தால்தான் ஒலிபரப்பும். சூடும் தாங்காது. சோதனைக்குச் சரி, நிரந்தரமாக வேண்டாம்.

6. சி.ஓ.எஸ்.: அதிகம் பேர் தடுக்கும் இடம்

ரிசீவருக்கு யாரும் பேசாத நிலையில் ஒரு வோல்டேஜ், கைரேடியோவில் பி.டி.டி. அழுத்திய நிலையில் இன்னொன்று. இரண்டையும் அளங்கள். ஒன்று பூஜ்யத்துக்கு அருகிலும் மற்றது 3, 5 அல்லது 8 வோல்ட் என்றும் வந்தால் நல்லது. சிக்னல் வந்ததும் ஏறினால் ஆக்டிவ் ஹை, இறங்கினால் ஆக்டிவ் லோ. கன்ட்ரோலரிலும் அதையே தேர்ந்தெடுங்கள். ரேடியோவுக்கு ரேடியோ மாறும், ஒரே நிறுவனத்திலும்கூட. நண்பர் சொன்னதை நம்பாமல் நீங்களே அளங்கள்.

இரண்டு நிலையிலும் பூஜ்யமே காட்டினால் பின் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். அது திறந்த கலெக்டராக இருக்கலாம். 5 வோல்ட்டிலிருந்து 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை அந்தப் பின்னுக்குக் கொடுத்து மறுபடி அளங்கள். பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

ரேடியோவின் வோல்டேஜ் கன்ட்ரோலர் தாங்குவதைவிட அதிகம் என்றாலோ, பின் மிகவும் வலுவற்றது என்றாலோ, நடுவில் ஒரு 2என்2222 டிரான்சிஸ்டர் வையுங்கள். பேஸுக்கு 10 கிலோஓம், எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் கன்ட்ரோலருக்கு. நிலை தலைகீழாகும் என்பதை மறக்காதீர்கள்.

இங்கே ஒரு பாடம் எனக்கு இரவல் இல்லை, சொந்தமாகப் பட்டது. கன்ட்ரோலரின் உள்ளீட்டில் உள்ளேயே, வயரை 5 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கும் புல்-அப் ரெசிஸ்டர் இருந்தது, நான் ஆக்டிவ் ஹை என்று வைத்திருந்தேன். ஒரு நாள் பிளக் தளர்ந்து கழன்றது. வயர் இல்லாத உள்ளீடு 5 வோல்ட்டுக்கு ஏறியது, சிக்னல் வந்துவிட்டதாகக் கன்ட்ரோலர் நம்பியது. அதில் டைம்-அவுட்டையும் நான் வைத்திருக்கவில்லை. விடியும்வரை டிரான்ஸ்மிட்டர் இரைச்சலை ஒலிபரப்பிக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து, கேபிள் கழன்றால் அமைதியாகும் திசையைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். தேவைப்பட்டால் அதற்காகவே ஒரு டிரான்சிஸ்டர் சேர்ப்பேன். இணைத்து முடித்ததும் கேபிளை வேண்டுமென்றே பிடுங்கிப் பாருங்கள்.

சி.ஓ.எஸ். இல்லாத ரேடியோவில் வாக்ஸ் வைத்துச் சமாளிக்கலாமே என்பார்கள். பேசுபவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் ரிப்பீட்டர் விழும், முதல் அசை வெட்டுப்படும். வேறு ரேடியோ தேடுவது மேல்.

7. ஆடியோவை எங்கே எடுத்து எங்கே கொடுப்பது

எஃப்.எம். குரல் ரேடியோவில் டிரான்ஸ்மிட்டர் உயர்ந்த ஒலிகளை ஆக்டேவுக்கு 6 டெசிபல் வீதம் தூக்கி அனுப்பும். அது ப்ரீ-எம்ஃபசிஸ். ரிசீவர் அதே அளவு தாழ்த்தும். அது டீ-எம்ஃபசிஸ். ரிப்பீட்டரில் ஒலி இந்த வேலையை இரண்டு தடவை கடக்கிறது. கணக்கு ஒத்துவர இரண்டே ஜோடிகள்தான் உண்டு.

முதல் ஜோடி: டிஸ்கிரிமினேட்டரிலிருந்து (எஃப்.எம். சிக்னலை ஒலியாக மாற்றும் சர்க்யூட்), அதாவது ரிசீவர் தாழ்த்தும் முன், எடுத்து, டிரான்ஸ்மிட்டர் தூக்கும் இடத்துக்குப் பின்னால் கொடுப்பது. மினி-டின்னில் 4ஆம் பின்னும், மெனுவில் டேட்டா வேகத்தை 9600 என்று வைத்த 1ஆம் பின்னும். இரண்டாவது: தாழ்த்தியபின் எடுத்து, மைக் வழியாகக் கொடுப்பது. 5ஆம் பின்னும், 1200 என்று வைத்த 1ஆம் பின்னும்.

ஜோடி கலந்தால் காதே சொல்லும். டிஸ்கிரிமினேட்டர் ஒலியை மைக் வழியில் கொடுத்தால் தகர டப்பாவில் பேசுவதுபோலக் கீச்சிடும். தாழ்த்திய ஒலியை நேராக மாடுலேட்டருக்கு, அதாவது தூக்கும் இடத்துக்குப் பின்னால், கொடுத்தால் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல மந்தமாகும். இதை எந்த ட்ரிம்மராலும் திருத்த முடியாது, ஏனென்றால் ட்ரிம்மர் எல்லா ஒலியையும் ஒரே அளவு ஏற்றி இறக்குகிறது. சில கன்ட்ரோலர்களில் டீ-எம்ஃபசிஸுக்கு ஜம்பர் உண்டு. கலப்பு ஜோடி தவிர்க்க முடியாதபோது அதுதான் கைகொடுக்கும்.

டிஸ்கிரிமினேட்டர் ஒலிக்கு ஸ்குவெல்ச் கிடையாது. யாரும் பேசாதபோது முழு இரைச்சல் வந்துகொண்டே இருக்கும். பயப்பட வேண்டாம், சி.ஓ.எஸ். பார்த்துக் கன்ட்ரோலர் அதை அடக்கும். சி.ஓ.எஸ்.ஸை ஆடியோவுக்கு முன் முடிக்கச் சொன்னது இதனால்தான்.

ஸ்பீக்கர் சாக்கெட்டிலிருந்து எடுக்கலாமா? கடைசி வழியாக. வால்யூம் குமிழை யாராவது தொட்டால் டீவியேஷன், அதாவது ஒலிக்கேற்ப அலைவரிசை விலகும் அளவு, மாறிவிடும். அதைவிட மோசம், பல மொபைல் ரேடியோக்களில் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளும் கிரவுண்ட் அல்ல. ஒன்றைக் கிரவுண்டில் சேர்த்தால் ஆடியோ ஐ.சி. எரியும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

டிஸ்கிரிமினேட்டரில் டி.சி. வோல்டேஜும் சேர்ந்து வரலாம், எனவே கெபாசிட்டர் அவசியம். அதன் அளவைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கக் கூடாது. கன்ட்ரோலர் உள்ளீடு 10 கிலோஓம் என்றால் 1 மைக்ரோஃபாரட் வைத்தால் வெட்டு 16 ஹெர்ட்ஸில் விழும், எல்லாம் தாராளமாகப் போகும். 0.1 வைத்தால் 159 ஹெர்ட்ஸ். குரலுக்குப் பாதகமில்லை, ஆனால் பேச்சோடு வரும் சப்-டோனைக் (9ஆம் பகுதி) கன்ட்ரோலரே படிக்க வேண்டியிருந்தால் கீழ்ப்பக்க டோன்கள் மெலிந்துவிடும். உள்ளீடு 600 ஓம் என்றால் 1 மைக்ரோஃபாரடே 265 ஹெர்ட்ஸில் வெட்டும்.

8. அளவு வைப்பது

மினி-டின்னின் 1ஆம் பின்னுக்கு 1200 நிலையில் சுமார் 40 மில்லிவோல்ட், 9600 நிலையில் சுமார் 2 வோல்ட் தேவை, இரண்டும் உச்சிக்கு உச்சி. 50 மடங்கு வித்தியாசம். மெனுவைப் பார்க்காமல் ட்ரிம்மரைத் திருகினால் ஒன்று எதுவும் கேட்காது, அல்லது கத்தும்.

முதலில் ரிசீவர் பக்கம். கைரேடியோவில் சத்தமாகப் பேசச் சொல்லி, கன்ட்ரோலர் மேனுவல் குறிப்பிடும் சோதனைப் புள்ளியில் அலை தட்டையாகாதபடி உள்ளீட்டு ட்ரிம்மரை வையுங்கள். இங்கே வெட்டுப்பட்ட ஒலியை அடுத்த படியில் சரிசெய்ய வழியே இல்லை.

டீவியேஷன் மீட்டர் இல்லாமல் டிரான்ஸ்மிட்டர் அளவை வைக்க எஸ்.டி.ஆர். போதும். ஒரு எஃப்.எம். கேரியரை, அதாவது ஒலியைச் சுமக்கும் அலையை, ஒரே டோனால் மாடுலேட் செய்தால், டீவியேஷன் அந்த டோனின் ஹெர்ட்ஸ் எண்ணைப் போல 2.405 மடங்காகும்போது நடுவில் இருக்கும் கேரியர் கோடு மறைந்துவிடும். 1 கிலோஹெர்ட்ஸ் டோன் என்றால் 2.4 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷனில் மறையும்.

போனில் 1 கிலோஹெர்ட்ஸ் டோன் ஆப்பை ஓடவிட்டு, கைரேடியோவின் மைக்கிடம் தூரத்திலிருந்து மெதுவாகக் கொண்டுவாருங்கள். எஸ்.டி.ஆர். திரையில் கைரேடியோவின் நடுக்கோடு மறையும் இடத்தில் போனை நிறுத்தி அசையாமல் வையுங்கள். இப்போது திரையை ரிப்பீட்டரின் ஒலிபரப்பு அலைவரிசைக்கு மாற்றி, கன்ட்ரோலரின் டிரான்ஸ்மிட் ட்ரிம்மரைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றுங்கள். அதன் நடுக்கோடும் மறையும் இடத்தில் நிறுத்துங்கள். உள்ளே வந்த டீவியேஷனும் வெளியே போகும் டீவியேஷனும் இப்போது சமம். பூஜ்யத்திலிருந்து ஏற்றச் சொல்வது எதற்கென்றால், மேலே போனால் கோடு மறுபடி வந்து மறுபடி மறையும். இரண்டாவது மறைவில் நிறுத்தினால் இரண்டு மடங்குக்கும் மேல் போய்விடும்.

குறுகிய 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலில் உச்ச டீவியேஷனே 2.5 கிலோஹெர்ட்ஸ்தான். அங்கே 600 ஹெர்ட்ஸ் டோன் எடுங்கள், 1.44இல் மறையும்.

மாடுலேட்டருக்கு நேராகக் கொடுக்கும் வழியில் பல ரேடியோக்களின் லிமிட்டர் விலகி நிற்கும். கத்திப் பேசுபவரைக் கட்டுப்படுத்த ரேடியோவில் எதுவும் இருக்காது. கன்ட்ரோலரில் லிமிட்டர் இருந்தால் இயக்குங்கள். இல்லையென்றால் மைக் ஜோடிக்குப் போவது பாதுகாப்பு.

கடைசியாகக் கைரேடியோவின் டி.டி.எம்.எஃப். பட்டன்களை, அதாவது கன்ட்ரோலருக்குக் கட்டளை அனுப்பும் எண் பட்டன்களை, அழுத்திப் பாருங்கள். ஒரு எண் இரண்டு டோன்களின் சேர்க்கை. கீழ்ப்பக்கம் 697 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது, மேல்பக்கம் 1209இல். எம்ஃபசிஸ் ஜோடி தப்பாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே 5 டெசிபல் அளவுக்குச் சாய்வு வரும், கன்ட்ரோலர் சில எண்களை விட்டுவிடும். கட்டளைகள் சில சமயம் மட்டும் வேலை செய்கின்றன என்றால் நான் முதலில் பார்ப்பது 7ஆம் பகுதியைத்தான்.

9. சப்-டோன்

டிஸ்கிரிமினேட்டர் ஜோடியில் பேசுபவரின் சி.டி.சி.எஸ்.எஸ். டோனும் (கேட்கும் ரேடியோவின் ஸ்குவெல்ச்சைத் திறக்கப் பேச்சோடு அனுப்பும் தாழ்ந்த டோன்) அப்படியே மறுபக்கம் போகும். ரிப்பீட்டர் தன் சொந்த டோனையும் சேர்த்தால் இரண்டும் மோதி, கேட்பவர்களின் ரேடியோ திறந்து திறந்து மூடும். கன்ட்ரோலரில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டரை இயக்குங்கள்.

மைக் ஜோடியில் பிரச்சினை நேர் எதிர். டோனைக் கன்ட்ரோலரிலிருந்து மைக் வழியே அனுப்பினால் ரேடியோவே அதை வெட்டிவிடும். டிரான்ஸ்மிட்டரின் உள்ளே இருக்கும் என்கோடரை இயக்குவது எளிது. அகல சேனலில் டோனின் டீவியேஷன் 500 முதல் 750 ஹெர்ட்ஸ், குறுகியதில் அதில் பாதி.

10. கன்ட்ரோலர் நேரங்கள்

டைம்-அவுட் 3 நிமிடம், பேச்சு முடிந்தபின் தொங்கும் நேரம் 2 அல்லது 3 நொடி. ஐ.டி. இடைவெளி உங்கள் உரிமம் சொல்லும்படி. ஐ.டி. ஒலியைக் குரலைவிடத் தாழ்வாக வையுங்கள். ரிப்பீட்டரைத் தூரத்திலிருந்து நிறுத்தும் கட்டளையை நிறுவும் முன் சோதித்துவிடுங்கள், கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

11. கடைசியில் ஆன்டெனா

இப்போதுதான் டூப்ளெக்சர். கைரேடியோவில் டம்மி லோடு மாட்டி, ரிசீவரில் இரைச்சலோடு லேசாகக் கேட்கும் தூரத்துக்கு ஒருவரை அனுப்புங்கள். டிரான்ஸ்மிட்டரின் பி.டி.டி. வயரைக் கழற்றிவிட்டு, ரிசீவரின் சொந்த ஸ்பீக்கரில் கேளுங்கள். அப்புறம் டிரான்ஸ்மிட்டரைக் கையால் இயக்குங்கள். இரைச்சல் கூடினால், அல்லது குரல் மூழ்கினால், கசிவு இருக்கிறது.

இந்த நிலையில் கன்ட்ரோலரைத் தொடாதீர்கள். டம்மி லோடில் எல்லாம் சரியாக இருந்தது என்பதுதான் இவ்வளவு நேரம் சேர்த்த ஆதாரம். பாருங்கள்: டூப்ளெக்சர் இந்த ஜோடிக்கு ட்யூன் ஆகியிருக்கிறதா, இடையில் ஒற்றைப் பின்னல் ஷீல்டு கொண்ட ஆர்ஜி-58 போன்ற கேபிள் இருக்கிறதா, இரண்டு ரேடியோக்களும் ஒரே பெட்டிக்குள் ஒட்டி இருக்கின்றனவா. ஆர்ஜி-400 போல இரட்டை ஷீல்டு கேபிளுக்கு மாற்றினாலே பாதிச் சமயங்களில் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஒலிபரப்பும்போது மட்டும் சி.ஓ.எஸ். தானாகத் துடித்தால், ரேடியோ அலை வயருக்குள் புகுந்திருக்கிறது. கன்ட்ரோலர் முனையில் சி.ஓ.எஸ்.ஸுக்கும் பி.டி.டி.க்கும் கிரவுண்டோடு ஒவ்வொரு 1 நானோஃபாரட் கெபாசிட்டர், கேபிள் மேல் ஃபெரைட் வளையம்.

எல்லாம் ஆனதும் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு ஒலிபரப்பவிட்டு, ஹீட்சிங்கைக் கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாவிட்டால் பவரை இன்னும் குறையுங்கள். அந்தப் பின் தாளின் பிரதியொன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.